தலைக்கும் மைக்கும் நடுவில்

மார்ச் 3

'சுண்டெலி' எனப்படும் பதினோராம் வகுப்பு மாணவிக்கு,

நேற்றைய ஆண்டு விழாவுக்காகப் பள்ளி வாசலில் கட்டப்பட்ட பேனரை வடிவமைத்தவள் நீ. கணினியில் உனக்குக் கை ஓடுகிறது என்று நம்பி அந்தப் பொறுப்பை உன்னிடம் கொடுத்தவன் நான். 'தலைமையாசிரியர் அழைக்கிறார்' என்று இருந்திருக்க வேண்டிய வரி, 'தலை மையாசிரியர் அழைக்கிறார்' என்று தொங்கியது. தலைக்கும் மைக்கும் நடுவில் ஒரு சைக்கிள் போகலாம். நான் தலைக்கு மை பூசுகிறவன் என்று ஊருக்கே அறிவிக்க நினைத்தாய், அறிவித்துவிட்டாய். சிறப்பு விருந்தினர் வாசலிலேயே நின்று, வாய்விட்டுப் படித்து, சிரித்து முடித்த பிறகுதான் உள்ளே வந்தார்.

போதாக்குறைக்கு என் முகம் சதுரங்கப் பலகை போலக் கட்டம் கட்டமாக இருந்தது. பள்ளியின் நீல நிறம் கத்திரிப்பூ நிறமாகியிருந்தது.

இது தற்செயல் என்று நான் நம்பவில்லை. ஒலிபெருக்கிக்கு அடியில் 'அமைதி காக்கவும்' என்ற பலகையை மாட்டியவள் நீ. ஆய்வக எலும்புக்கூட்டின் கழுத்தில் 'வருகைப்பதிவு நூறு சதவீதம்' என்று அட்டை தொங்கவிட்டவளும் நீ.

இன்று காலைக் கூட்டத்தில் உன் செயலை அனைவருக்கும் அறிவித்துவிட்டேன். 'நான் இதை வேண்டுமென்றே செய்தேன், மன்னிக்கவும்' என்ற வரி அடங்கிய மன்னிப்புக் கடிதம் என் கைக்கு வரும்வரை நீ பள்ளி வாசலைத் தாண்டக் கூடாது. கைப்பட எழுத வேண்டும். கைப்பேசிச் செய்திகள் ஏற்கப்படா.

தலைமையாசிரியர்
(சேர்த்துப் படிக்கவும்.)


மார்ச் 4

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் கடிதத்தைச் சேர்த்தே படித்தேன். அம்மாவும் என்னோடு சேர்ந்தே படித்தார். அதனால் உங்களிடம் வாங்கியது போக வீட்டிலும் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன்.

மன்னிப்பு எழுதத்தான் உட்கார்ந்தேன். நீங்கள் கேட்ட அந்த வரிக்கு வந்ததும் பேனா முரண்டு பிடித்தது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஒரு வரிதானேடி? எழுதிக் குடுத்துட்டு ஸ்கூலுக்குப் போற வழியப் பாரு" என்றார். "வரிதாம்மா. ஆனா செய்யாத தப்புக்கு நான் ஏன் வரி கட்டணும்?" என்றேன். கரண்டி பறந்து வந்தது. குனிந்துகொண்டேன்.

ஐயா, நான் சேட்டைக்காரிதான். பலகையும் எலும்புக்கூடும் என் வேலைதான். நீங்கள் "யார்?" என்று கேட்ட மறு நொடி கையைத் தூக்கினேன் இல்லையா? நல்ல சேட்டையை எவளாவது அடுத்தவள் பேருக்கு எழுதிக் கொடுப்பாளா? அதே மாதிரி, செய்யாத சேட்டையை என் பேரில் எழுதிக்கொள்ளவும் மாட்டேன். தொழில் தர்மம். உண்மையைச் சொன்னால், 'தலை மை' எனக்குத் தோன்றவில்லையே என்றுதான் வயிறு எரிகிறது.

முகத்துக்கு வருகிறேன். உங்கள் படம் கேட்டேன். சுற்றுலாவில் எடுத்த கூட்டப் படத்தை அனுப்பி, "மூன்றாவது வரிசையில் நான்" என்றீர்கள். அந்தப் படத்தில் உங்கள் முகம் கடுகளவு. கணினியில் படம் இரண்டு சாதி. ஒன்று பிக்சலால் ஆனது. குட்டிக் குட்டி வண்ணச் சதுரங்களை அடுக்கி வைத்தது. போட்டோ எல்லாம் இந்தச் சாதி. பெரிதாக்கினால் சதுரங்கள்தான் பெரிதாகும். புதிதாக மூக்கு முளைக்காது. இன்னொன்று வெக்டர். அது சதுரத்தை அடுக்காது. 'இங்கே தொடங்கு, இப்படி வளை, அங்கே முடி' என்று வழி சொல்லி வைத்திருக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்த வழியிலேயே மறுபடி வரைந்துகொள்ளும். நம் பள்ளிச் சின்னத்தை அப்படித்தான் வரைந்தேன். பேனரில் போய்ப் பாருங்கள், விளக்கின் சுடர் கத்தி மாதிரி இருக்கும். கடுகைக் கதவளவு ஆக்கினால் காரம் கூடாது ஐயா, கட்டம்தான் தெரியும்.

நீலம். நீங்கள் போன் திரையில் பார்த்துத் தேர்ந்தெடுத்த நீலம் வெளிச்சம். திரை சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்குகளைக் கலந்து காட்டும். அதை ஆர்ஜிபி என்பார்கள். அச்சு இயந்திரத்தில் விளக்கு ஏது? இளநீலம், ரோஜா, மஞ்சள், கறுப்பு என்று மைதான், அது சிஎம்ஒய்கே. வெளிச்சம் சேரச் சேர வெளுக்கும், மை சேரச் சேரக் கறுக்கும். திரையில் மின்னும் சில நீலத்தை மையால் எட்டிப் பிடிக்க முடியாது, ஊதாப் பக்கம் சாய்ந்துவிடும். "அச்சில் இது வராது சார்" என்று உங்கள் அறை வாசலில் நின்று சொன்னேன். "போனில் வருகிறதே" என்றீர்கள். போனில் வருவதெல்லாம் நேரில் வருமா?

இடைவெளியை நான் விடவில்லை. யார் விட்டார்கள் என்று தெரியாது. ஆனால் செய்தேன் என்று எழுத மாட்டேன்.

இந்தக் கடிதத்தை வாசலுக்கு வெளியே உள்ள ஆலோசனைப் பெட்டியில் போடுகிறேன். உள்ளே வரத்தானே தடை, கை நீட்டத் தடை இல்லையே. பெட்டிக்குள் ஒரு பல்லி இருக்கிறது. இதுவரை உங்களுக்கு வந்த ஒரே ஆலோசகர் அதுதான் போலிருக்கிறது.

இப்படிக்கு,
வாசலைத் தாண்டாத
சுண்டெலி


மார்ச் 6

மாணவிக்கு,

உன் கடிதத்தைத் திருத்தித் திருப்பி அனுப்பியுள்ளேன். சிவப்பு மையில் வட்டமிட்டவை சந்திப்பிழைகள். பல்லி அகற்றப்பட்டது.

நான் கேட்டது மன்னிப்பு. நீ எழுதியது விளக்கம். மன்னிப்பு வேறு, விளக்கம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. விளக்கம் எழுதுகிறவன் தன் பக்கமே நிற்கிறான். மன்னிப்புக் கேட்பவன்தான் எதிர்ப்பக்கம் வந்து நிற்கிறான்.

முகமும் நிறமும் போகட்டும். அவற்றில் நீ சொல்வது ஒருவேளை சரியாக இருக்கலாம். ஆனால் அந்த இடைவெளி? அச்சுக்குப் போகும் முன் பேனர் கடைக்காரர் மாதிரியை எனக்கு அனுப்பினார். அதில் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நானே தொலைபேசியில் அழைத்து, சரி செய்யச் சொன்னேன். நான் சரி செய்யச் சொல்லியும் இப்படி வந்தது என்றால், உன் கோப்பிலேயே ஏதோ சூது வைத்திருக்கிறாய் என்றுதானே பொருள்?

மேலும், நான் சொன்ன எழுத்துருவை விட்டு வேறொன்றைப் போட்டிருக்கிறாய். நான் பார்த்தது மெலிந்திருந்தது. பேனரில் வந்தது பருத்திருந்தது. இதற்கு என்ன விளக்கம்? மன்னிக்க, இதற்கு விளக்கம் வேண்டாம். மன்னிப்பு வேண்டும்.

தலைமையாசிரியர்


மார்ச் 7

ஐயா,

'மன்னிக்க' என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். முதல் மன்னிப்பு உங்கள் பக்கத்திலிருந்து வந்ததாகக் குறித்துக்கொள்கிறேன்.

எழுத்துருவைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் வேண்டாம் என்றாலும். டைப்ஃபேஸ், ஃபான்ட் என்று இரண்டு சொல் உண்டு. நாம் இரண்டையும் 'எழுத்துரு' என்று ஒரே சட்டைக்குள் திணித்துவிடுகிறோம். டைப்ஃபேஸ் என்பது குடும்பம். எல்லோருக்கும் ஒரே மூக்கு, ஒரே முழி. ஃபான்ட் என்பது அந்தக் குடும்பத்தில் ஓர் ஆள். ஒல்லி அண்ணன், பருத்த சித்தப்பா, எப்போதும் சாய்ந்தே நிற்கும் மாமா. நீங்கள் பார்த்தது ஒல்லி அண்ணனை. "தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும், தடிமனாகப் போடு" என்றீர்கள். சித்தப்பாவைக் கூட்டி வந்தேன். குடும்பம் மாறவில்லை ஐயா, ஆள்தான் மாறியிருக்கிறது. மாமாவைக் கூப்பிடாமல் விட்டதற்கு நீங்கள் சந்தோஷப்பட வேண்டும். விழா முழுக்கச் சாய்ந்தே நின்றிருப்பார்.

இப்போது முக்கியமான சங்கதி. கடைக்கு நீங்கள் போன் செய்தீர்களா? இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே! நான் கொடுத்த கோப்பு ஒன்று, தொங்கிய பேனர் ஒன்று. நடுவில் உங்கள் போன் ஒன்று. என்ன சொன்னீர்கள்? கருத்தை எழுத வேண்டாம். சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள்.

வீட்டில் நிலவரம் சரியில்லை. நான் மேசையில் உட்கார்ந்தாலே அம்மா வந்து நிற்கிறார். "யாருக்கு எழுதற?"

"ஹெட்மாஸ்டருக்கு."

"மன்னிப்பா?"

"எழுத்துரு."

"என் தலையெழுத்து!"

அம்மாவுக்கும் எழுத்தைப் பற்றித்தான் கவலை என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்து ரொம்ப நேரம் சிரிக்க முடியவில்லை. வகுப்பில் இயற்பியல் புது அத்தியாயம் தொடங்கிவிட்டதாம். வாட்ச்மேன் அண்ணன் கேட் வழியாகச் சொன்னார். "பாப்பா, ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துட்டு உள்ள வந்துடேன். உள்ள வந்தப்புறம் யாரு கேக்கப் போறா?" என்றார். நான் கேட்பேன் அண்ணா என்றேன். தினமும் கண்ணாடியில் அந்த மூஞ்சியைப் பார்க்கப் போவது நான்தானே.

சொல்லுக்குச் சொல், ஐயா.

சுண்டெலி


மார்ச் 10

மாணவிக்கு,

என்னை விசாரிக்கும் துணிவு உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. துணிவு வேறு, திமிர் வேறு. இந்த இரண்டையும் நீ குழப்பிக்கொள்கிறாய் என்று நினைக்கிறேன்.

மறைக்க என்னிடம் எதுவும் இல்லை. முதல் வரி 'விழாவுக்கு வருக'. அதன் கீழே 'தலைமையாசிரியர் அழைக்கிறார்'. கடைக்காரர் அனுப்பிய மாதிரியில், மேல் வரியில் உள்ள 'ழா'வின் வால் கீழே இறங்கி, 'லை'யின் உச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தது. தமிழில் மிக அழகான எழுத்து ழகரம். அது இன்னோர் எழுத்தின் தலையில் இடிப்பதைக் காணச் சகிக்கவில்லை. ஆகவே அழைத்துச் சொன்னேன். சொல்லுக்குச் சொல் இதுதான்: "லைக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி விடு. ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தாராளமாக விடு."

இதில் என்ன தவறு? எந்தக் குழந்தைக்கும் புரியும்.

உன் வகுப்பாசிரியை நேற்று என்னிடம் வந்து உனக்காகப் பேசினார். நான் இளகவில்லை. அந்த வரியை எழுது.

தலைமையாசிரியர்


மார்ச் 11

ஐயா!

குழந்தைக்குப் புரிந்திருக்கும். கடைக்காரருக்கு வேறு மாதிரி புரிந்துவிட்டது.

இடைவெளி என்று நாம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று குடித்தனம் நடத்துகிறோம். பேனர் வேலையில் மூன்றுக்கும் மூன்று பெயர். வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்துகள் எல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்.

ஒரே பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர் கிள்ளிக்கொள்கிறார்கள். "நீ கொஞ்சம் தள்ளி உட்காரு" என்று அந்த இரண்டு பேரை மட்டும் பிரிக்கிறீர்கள். மற்றவர்கள் அசையவில்லை. இது கெர்னிங். இரண்டு எழுத்துக்கு நடுவில் மட்டும் உள்ள இடைவெளி.

தேர்வு வருகிறது. பெஞ்சு முழுக்க எல்லோரையும் ஒரே அளவு தள்ளித் தள்ளி உட்கார வைக்கிறீர்கள். இது டிராக்கிங். சொல் முழுக்க, வரி முழுக்க, சமமாக விடுவது.

பின் பெஞ்சுக்காரன் காலை நீட்டி முன் பெஞ்சுக்காரியின் பின்னலை உதைக்கிறான். (யார் என்று கேட்காதீர்கள்.) பெஞ்சையே பின்னால் இழுத்துப் போடச் சொல்கிறீர்கள். இது லெடிங். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் உள்ள இடைவெளி.

'ழா' ஒரு பெஞ்சு. 'லை' அடுத்த பெஞ்சு. உதைத்தது வால். இழுக்க வேண்டியது பெஞ்சை. நீங்கள் மனதில் நினைத்தது லெடிங். வாயால் சொன்னது, "லைக்கும் அதற்கும் நடுவில்." 'அது' எது என்று சொல்லவில்லை. கடைக்காரர் 'லை'யைத் தேடினார். அதன் பக்கத்தில் சமர்த்தாக, யார் வம்புக்கும் போகாமல், 'மை' உட்கார்ந்திருந்தது. பிடித்துத் தள்ளிவிட்டார். கெர்னிங்!

ஊகம் என்று நினைக்காதீர்கள். காலையில் கடைக்கே போய் நின்றேன். பேனர் துணி சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எங்க ஸ்கூல் பேனர்ல அந்த இடைவெளி..."

"ஏம்மா, பத்தலையா?"

"பத்தலையாவா! அது எதுக்கு விட்டீங்க?"

"ஒரு பெரியவர் போன் போட்டு லைக்குப் பக்கத்துல எடம் விடுன்னார். எதுக்குன்னு கேக்கறதுக்குள்ள வெச்சுட்டார். தாராளமா விடுன்னார். நமக்கென்ன, தாராளமா விட்டேன். நீ வேணா கம்மியா விடச் சொல்லியிருக்கலாம்ல?"

"வால் இன்னும் முட்டிக்கிட்டுத்தானே இருக்கு?"

"அதப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லலையே."

கடைக்குப் போகிற வழியிலேயே பள்ளி வாசலில் நின்று பேனரை அண்ணாந்து பார்த்திருந்தேன். இன்னும் அவிழ்க்கவில்லை. 'ழா'வின் வால் இன்றைக்கும் 'லை'யின் தலையில்தான் இருக்கிறது. நீங்களும் போய்ப் பாருங்கள். நானே கோப்பில் சூது வைத்திருந்தால், நீங்கள் சரி செய்யச் சொன்னது சரியாகி, என் சூது தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. முட்டல் அப்படியே இருக்கிறது. உங்கள் இடைவெளி மட்டும் பக்கத்துத் தெருவில் போய்க் குடியேறியிருக்கிறது.

தலையையும் மையையும் பிரித்தது யார் என்று நான் எழுதப் போவதில்லை. ஆறாம் வகுப்பில் எனக்குச் சொல்லைப் பிரிக்கவும் கூட்டவும் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். கூட்டிப் பாருங்கள்.

சுண்டெலி


மார்ச் 14

மாணவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடைக்காரரிடமும் பேசப்பட்டது. பேனரும் பார்க்கப்பட்டது. தொழில்நுட்பச் சொற்களில் நிலவும் தெளிவின்மை காரணமாகத் தவறு நிகழ்ந்துள்ளதாகத் தெரியவருகிறது.

நடந்தது நடந்துவிட்டது. நீ திங்கட்கிழமை முதல் பள்ளிக்கு வரலாம். மன்னிப்புக் கடிதம் தேவையில்லை என முடிவு செய்யப்பட்டுள்ளது. இத்துடன் இந்தக் கடிதப் போக்குவரத்தை முடித்துக்கொள்ளலாம்.

தலைமையாசிரியர்


மார்ச் 15

ஐயா,

உங்கள் கடிதத்தைத் திருத்தித் திருப்பி அனுப்பியுள்ளேன். சந்திப்பிழை ஒன்றுகூட இல்லை. அதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. சிவப்பு மை வீட்டில் கிடைக்காததால் தங்கையின் வாட்டர் கலரில் வட்டம் போட்டிருக்கிறேன்.

'தவறு நிகழ்ந்துள்ளது.' யாரால்? 'பேசப்பட்டது.' யார் பேசியது? 'பார்க்கப்பட்டது.' யார் பார்த்தது? எழுவாய் எங்கே ஐயா? எழுவாய் இல்லாமல் எழுதினால் எனக்கு அரை மதிப்பெண் குறைப்பீர்கள். தோன்றா எழுவாய் என்று சமாளிக்க வேண்டாம். இது தோன்றியே ஆக வேண்டிய எழுவாய்.

நீங்கள் எழுதியது விளக்கம். மன்னிப்பு அல்ல. மன்னிப்பு வேறு, விளக்கம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இது என் சொந்தச் சரக்கில்லை. மார்ச் 6 தேதியிட்ட ஒரு நல்ல கடிதத்தில் படித்தது.

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் அம்மா எனக்குச் சீருடையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டிவிட்டார். "அவரே கூப்பிட்டுட்டாரு. இறங்கி வந்தவர்கிட்ட இன்னும் என்னடி வீம்பு?" என்றார். எனக்கும் ஆசைதான். நாள் முழுக்க ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருக்க எனக்கென்ன வேண்டுதலா? ஆனால் அம்மாவிடம் ஒன்று கேட்டேன். "அன்னைக்குக் காலைக் கூட்டத்துல அத்தனை பேர் முன்னாடி, மைக்ல, நான் வேணும்னே செஞ்சேன்னு சொன்னாரு. இப்ப இல்லன்னு ஒரு காகிதத்துல, எனக்கு மட்டும் சொல்றாரு. நான் உள்ள போனா அந்த அத்தனை பேருக்கும் நான் யாரு?" அம்மா ஆணிப் பக்கம் போனார். சீருடையை எடுத்து மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். என் பக்கம் வந்துவிட்டார் என்று நினைக்கிறேன். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

கடைசியாக இரண்டு சொல். லோகோ, பிராண்ட். இரண்டும் ஒன்றென்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். லோகோ என்பது வாசலில் மாட்டியிருக்கும் சின்னம். பிராண்ட் என்பது அந்த வாசலைத் தாண்டும்போது நமக்கு வயிற்றில் என்ன செய்கிறது என்பது. நம் பள்ளி லோகோ ஒரு விளக்கு. நான்தான் வரைந்தேன், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. ஆனால் செய்யாததைச் செய்தேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே இடம், செய்தவர் பெரியவராக இருந்தால் 'நிகழ்ந்துள்ளது' என்று முடித்துக்கொள்ளலாம் என்றால், அதுதான் பிராண்ட். விளக்கை எந்த நீலத்தில் அச்சடித்தாலும் அது மாறாது.

எந்த ஒலிபெருக்கியில் சொன்னீர்களோ அதே ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். எழுவாயோடு. அதுவரை வரமாட்டேன். துணிவா திமிரா என்று நீங்களே வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

சுண்டெலி


மார்ச் 19

சுண்டெலிக்கு,

இதை எழுத இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன். உன் வாட்டர் கலர் வட்டங்கள் என் மேசை முழுக்க ஒட்டிக்கொண்டன.

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு, வாசலுக்குப் போய் மறுபடி அந்தப் பேனரைப் பார்த்தேன். விருந்தினராக வந்தவர் என்னோடு கல்லூரியில் படித்தவர். என்னைவிட மூத்தவர், தலை முழுதும் வெள்ளை, அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லாதவர். அவர் சிரித்ததுதான் எனக்குச் சுட்டது. தலையில் மை இருப்பது உண்மை. அதை ஊருக்குச் சொன்னது நீ இல்லை என்பதும் உண்மை. முதல் உண்மை சுட்ட வேகத்தில் இரண்டாவதை நான் பார்க்கவே இல்லை. பார்க்க விரும்பவில்லை என்பது இன்னும் சரியான வினை.

இன்று காலைக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். அதே ஒலிபெருக்கி, கீழே உன் பலகை வேறு இன்னும் தொங்குகிறது. "பேனரில் இடைவெளி விடச் சொன்னது நான். தவறாகச் சொன்னது நான். அந்த மாணவி அதைச் செய்யவில்லை. அவள் செய்தாள் என்று உங்களிடம் சொன்னதும் நான்." எத்தனை எழுவாய் என்று எண்ணிக்கொள்.

சிரித்தார்களா என்று கேட்பாய். சிரித்தார்கள். எலும்புக்கூட்டைவிட அகலமாகச் சிரித்தார்கள். பிறகு, பின் வரிசையில் யாரோ கை தட்டத் தொடங்கினார்கள். அது எனக்கா உனக்கா என்று தெரியவில்லை, விசாரிக்கவும் இல்லை. நீ கேட் கம்பியில் கன்னம் பதிய நின்று கேட்டுக்கொண்டிருந்ததாக வாட்ச்மேன் சொன்னார். உள்ளே அழைத்தாராம், "இன்னும் கைப்பட வரலை" என்றாயாம். ஆகவே கைப்பட எழுதுகிறேன்.


மன் னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.


மேலேயும் கீழேயும் ஒரு வரி கூடுதலாக விட்டிருக்கிறேன். இது லெடிங். சரிதானே?

தலைமையாசிரியர்


மார்ச் 19, மாலை

ஐயா,

லெடிங் சரி. முழு மதிப்பெண்.

ஆனால் 'மன்' என்று எழுதிவிட்டுப் பேனா ஒரு நொடி நின்றிருக்கிறது. பிறகுதான் 'னிப்பு' வந்திருக்கிறது. நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அது லெடிங் அல்ல, கெர்னிங். வழக்கமாக இதைக் கண்டால் இழுத்து ஒட்டவைத்துவிடுவேன். இதை ஒட்ட மாட்டேன். இந்தக் காகிதத்தில் நீங்கள் இருப்பது அந்த இடைவெளியில்தான்.

அம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சீருடையை எடுத்து மறுபடி இஸ்திரி போடுகிறார். மடிப்பு ஒன்றும் கலையவில்லை; இருந்தாலும் போடுகிறார்.

நாளை வருகிறேன். ஜன்னலோர இடத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் காலி செய்யச் சொல்லுங்கள். பேனரை அவிழ்க்க வேண்டாம், அடுத்த வருடம் வரை இருக்கட்டும் என்று கேட்கலாம் என்றிருந்தேன். அதுதான் திமிர் என்று அம்மா சொன்னதால் கேட்கவில்லை. துணிவு எங்கே முடிகிறது, திமிர் எங்கே தொடங்குகிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டும் ஒரே குடும்பத்தில் ஒல்லியும் பருமனுமாக இருக்கும் போலிருக்கிறது.

ஆனால் கீழே உள்ளதை மட்டும், நீங்கள் அன்று கேட்ட மாதிரியே, வேண்டுமென்றே எழுதுகிறேன்:

'மன்' என்றால் மன்னன் என்று ஆறாம் வகுப்பில் நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். மன்னனுக்கும் மன்னிப்புக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்கத்தான் செய்யும். தாண்டி வந்துவிட்டீர்கள், ஐயா.

இனி நானும் வாசலைத் தாண்டுகிறேன்.

சுண்டெலி